விதானத் தாமரை தோடாகும்போது

அன்பு மாப்ளே,

உன் கடிதமும், நகை செய்ய மகள் வரைந்த படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே மதுரையில் எல்லாரும் சுகம். வெயில் ஏறிவிட்டது, மாட்டுத்தாவணியில் மல்லி வரத்தும் ஏறிவிட்டது.

பிள்ளைக்குக் கை நன்றாக ஓடுகிறது. ஆனால் கோபுரத்தையே முழுசாகப் பதக்கத்தில் இறக்கி வைத்திருக்கிறாள். அவ்வளவு சுதைச் சிற்பமும் ஒரு அங்குலத்துக்குள் வந்தால் சொரசொரப்பாகத்தான் தெரியும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியை, பற்றவைக்க உருக்கும் உலோகமான பற்றாசு அடைத்துவிடும். மேலோட்டமான கோட்டை மெருகு தின்றுவிடும். மிச்சமிருக்கும் இடுக்கில் எண்ணெயும் மஞ்சளும் போய் அடையும். ஓரிடத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுக்கச் சொல்.

மீனாட்சி கோயிலுக்குள் செல்போன் கூடாது, நோட்டும் பென்சிலும்தான். அது நல்லதற்கே. அண்ணாந்து பார்த்துக் கை முதலில் போடுகிற கோடுதான் நகையிலும் நிற்கும். விதானத் தாமரையை எட்டு இதழாக எடுத்துத் தோடு செய்யலாம். நம் ஏழு கல் தோட்டில் நடுவே ஒன்று, சுற்றி ஆறு, எல்லாம் ஒரே அளவு, தானாகப் பொருந்திவிடும். சுற்றி எட்டு வைத்தால் அப்படிப் பொருந்தாது, நடு வட்டம் சுற்று வட்டத்தைப் போல் 1.6 மடங்கு இருக்க வேண்டும். கல்லை மட்டும் கணக்கிட்டு ஏமாறக் கூடாது. 2 மி.மீ. கல்லுக்கு 0.3 மி.மீ. சுவர் வைத்தால் கல் பதிக்கும் கிண்ணம் 2.6 ஆகிவிடும். நடுக்கிண்ணம் 4.2 வரும், அதில் 3.6 மி.மீ. கல் உட்காரும். தோடு மொத்தம் 9.4 மி.மீ. இதையே பன்னிரண்டு இதழாக்கினால் நடுவட்டம் 7.4 மி.மீ. ஆகி, தாமரை போய்ப் பொத்தான் மாதிரி ஆகிவிடும். கிண்ணங்களைச் சுற்றிலும் பற்றவைக்க வேண்டாம். பற்றாசு உருகி எல்லா இடுக்கிலும் ஓடி, எட்டு இதழும் ஒரே கட்டியாகிவிடும். கிண்ணம் தொடுகிற புள்ளியில் மட்டும் பற்றாசுத் துணுக்கு வைத்தால் போதும்.

திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால் வளைவை வரைவதை விட, வளைவுக்குள் தெரிகிற வெற்றிடத்தை வரையச் சொல். வளைவின் முனைகள் உள்நோக்கிக் கூராக நிற்பவை. அதை நகையாக்கினால் பட்டுப்புடவை இழுபடும். வெற்றிடமோ வெளிப்பக்கம் முழுக்கப் புடைப்பு, உச்சியில் மட்டும் ஒரு முனை, அங்கே வளையம் வந்துவிடும். 1636இல் கட்டிய கட்டடத்தில் இப்படி ஒரு பதக்கம் தயாராக நிற்கிறது! படம் எடுப்பதானால் தூணடியில் நின்று அண்ணாந்து எடுக்க வேண்டாம், மேற்பக்கம் குறுகிவிடும். முற்றத்தின் எதிர்க்கோடியில் நேருக்கு நேராக நின்று எடுக்கட்டும். பிறகு காகிதத்தை மடித்துப் பாதி மட்டும் வெட்டினால் இரு பக்கமும் ஒத்து வரும்.

மல்லி மொட்டு மாலை வரைந்திருக்கிறாளே, அதில்தான் எனக்கு ஆசை அதிகம். ஆனால் எடை பார்க்கவில்லை. 9 மி.மீ. நீளம், 5 மி.மீ. பருமனில் கெட்டியாக வார்த்தால் 22 காரட்டில் ஒரு மொட்டே 2 கிராம். 40 மொட்டுக்குப் பத்துப் பவுனைத் தாண்டும். 0.2 மி.மீ. தகட்டில் இரண்டு பாதியாக அடித்துச் சேர்த்தால் மொட்டு அரைக் கிராமுக்குள், மாலை இரண்டு பவுன் சுற்றுவட்டாரத்தில் முடியும். கோர்க்கும் துளையைப் பற்றவைப்பதற்கு முன்பே போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து மொட்டை வெடிக்க வைக்கும். வடிவம் சரியாக வர, சாயங்காலம் விரிவதற்குள் நிஜ மொட்டை பிளேடால் நீளவாக்கில் பிளந்து கிராப் தாளில் வைத்து வரையட்டும். பருமன் நடுவில் இல்லை, காம்புப் பக்கம் இருக்கிறதென்று அப்போதுதான் பிடிபடும். அவள் படத்தில் அரிசிமணி மாதிரி இரு பக்கமும் ஒரே கூர்.

மூன்றையும் அசல் அளவில் திருத்தி வரைந்து, வெட்டிக் காதிலும் கழுத்திலும் ஒட்டி, கண்ணாடியிலிருந்து நான்கடி தள்ளி நின்று பார்க்கச் சொல். எது தெரிகிறதோ அதை அனுப்பு. முதலில் வெள்ளியில் ஒரு மாதிரி செய்து பார்ப்போம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தெற்காவணி மூல வீதிக்காரன்