செயலாளர் ஆண்டறிக்கை: வெயிலில் இயற்கையின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு?

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆச்சிமார்கள், அண்ணன்மார்கள், இளையவர்கள் எல்லோருக்கும் ஊருணிப் பாதுகாப்புச் சங்கத்தின் சார்பில் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரத்துக்கால் தூர்வாரியதும் கரையில் சீமைக் கருவேலம் எடுத்ததும் நீங்கள் கண்ணால் கண்டவை. ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியைச் சென்ற பொதுக்குழுவில் எழுந்த ஒரு கேள்விக்கே ஒதுக்குகிறேன்: "பூமி முன்னாடியும் சூடாகிக் குளிர்ந்திருக்கு. இப்பவும் அது தானா நடக்குதுன்னு ஏன் சொல்லக் கூடாது?" இந்த ஆண்டின் மாதக் கூட்டங்கள் இதைச் சுற்றியே நடந்தன.

கேள்வியின் முதல் பாதி சரி. பூமியின் அச்சுச் சாய்வு சுமார் 41,000 ஆண்டுக்கு ஒருமுறை 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே போய் வருகிறது. சுற்றுப்பாதை நீள்வதும் வட்டமாவதும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டுக் கணக்கு. பனியுகங்கள் வந்து போனது இவற்றின் தாளத்தில்தான். ஆனால் இன்று சாய்வு 23.4 பாகை, அதுவும் இறங்குமுகம். அந்தக் கணக்குப்படி வடகோளத்தின் கோடை மெல்லத் தணிய வேண்டிய காலம் இது.

அடுத்து சூரியன். 11 ஆண்டுச் சுற்றில் அதன் ஒளி கூடிக் குறைவது சுமார் 0.1 சதவீதம். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வருகின்றன. ஏறுமுகம் எதுவும் இல்லை. சூரியன்தான் காரணம் என்றால் காற்றுமண்டலத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். நடப்பதோ தலைகீழ்: தரையோரக் காற்று சூடாகிறது, உயரத்தில் உள்ள அடுக்கு குளிர்கிறது. கீழிருந்து போகும் வெப்பத்தை இடையில் ஏதோ மறிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம்.

எரிமலை சூடாக்குவதைவிடக் குளிர்விப்பதே அதிகம். 1991-இல் பிலிப்பைன்சின் பினதுபோ வெடித்தபோது கந்தகத் துகள் வானில் பரவி, உலகச் சராசரி வெப்பம் ஓரிரு ஆண்டுகள் சுமார் அரை டிகிரி இறங்கியது. எரிமலைகள் விடும் கரியமிலவாயு, மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

நம்மூரில் பலரும் குழம்புவது எல் நினோவில். பசிபிக் கடல் சூடேறும் அந்த ஆண்டுகளில் நமக்கு வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுதலாகப் பெய்யும்; 2015 அப்படித்தான் கொட்டியது. மறு ஆண்டே தமிழ்நாட்டில் வழக்கமான அளவைவிட 62 சதவீதம் குறைந்து ஊருணிகள் வறண்டன. இந்த ஏற்ற இறக்கம் இயற்கையின் வேலை. ஒரு வருடம் மழை பொய்த்ததற்குப் புவி வெப்பமாதலை இழுப்பதும் தப்பு, ஒரு வருடம் நன்றாகப் பெய்ததும் அதை மறுப்பதும் தப்பு. 30 ஆண்டுச் சராசரியைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

இனி நம் பங்கு. மேலே சொன்னபடி வெப்பத்தை மறிப்பது கரியமிலவாயு போன்ற வாயுக்கள். தொழிற்சாலைக் காலத்துக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமிலவாயு இருந்தது. ஹவாயின் மௌனா லோவா மலையில் அமெரிக்க விஞ்ஞானி கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கூடியது நிலக்கரி, எண்ணெயிலிருந்துதான் வந்தது என்பதைக் கரிமமே காட்டிக்கொடுக்கிறது. பல கோடி ஆண்டு புதைந்திருந்த கரிமத்தில், காலப்போக்கில் சிதைந்துபோகும் கதிரியக்கக் கரிம வகையான கார்பன்-14 மிஞ்சியிருக்காது. காற்றில் அதன் விகிதம் நீர்த்துப்போனதை 1950-களிலேயே கண்டுவிட்டார்கள்.

ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட எடை இல்லை, அது எப்படி 2.7 கிலோ கரியமிலவாயு விடும் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 12 பங்கு கரிமம் எரியும்போது காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்காகிறது. சுண்ணாம்புக் காளவாயிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு: 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்தால் 56 கிலோ சுண்ணாம்பு, 44 கிலோ கரியமிலவாயு. நம் வளவு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு இறுகும்போது அந்த 44-இல் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. எரித்த விறகின் புகை இதில் சேராது. சிமெண்டும் வாங்கும், ஆனால் குறைவாக, மிக மெதுவாக.

தண்ணீர் தேங்கிய நெல்வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காததால் நுண்ணுயிர்கள் மீத்தேன் விடுகின்றன; அதுவும் வெப்பத்தை மறிக்கும் வாயு. அதற்காக, வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சும் வயல்நீர்க் குழாய் முறையைச் சொல்லித் தந்தோம். 30 செ.மீ. நீள பிளாஸ்டிக் குழாயின் கீழ் 20 செ.மீ.-இல் துளையிட்டு, அந்த அளவு மண்ணில் இறக்கி, உள்ளிருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. பாய்ச்சலாம். நடவு முடிந்து முதல் இரண்டு வாரமும் பூக்கும் பருவமும் விலக்கு. சேற்றை அள்ளாமல் விட்டால் குழாய் பொய் சொல்லும். மேட்டில் ஊன்றினாலும் அப்படியே. யூரியாவைப் பாய்ச்சலுக்குச் சற்று முன் இட வேண்டும். மோட்டார் வைத்திருப்பவர்களுக்கே இது சரிப்படும். கண்மாய் மடைத் தண்ணீர் முறை வைத்து வரும் வயலில் காயப்போட்டுவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மழைமானி பற்றி. 1 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். மானியை மொட்டை மாடியில் வைத்தால் காற்று துளிகளை அடித்துச் சென்று அளவு குறையும். வீட்டு முற்றத்தில் வைத்தால் தாழ்வார ஓட்டுத் தண்ணீர் தெறித்துக் கூடும். திறந்த தரையில், வாய் 30 செ.மீ. உயரத்தில், பக்கத்து மரம் அல்லது சுவரின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். வெப்பமானிப் பெட்டிக்கு வெள்ளை வர்ணம், கதவு வடக்கே; தெற்கே திறந்தால் வெயில் நேரே குழலில் விழும்.

அளவு எடுப்பது தினமும் காலை 8.30-க்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. முடிந்தவர்கள் கூட்டம் கலைவதற்குள் பெயர் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்