விக்கிரவாண்டியில் கைகொடுத்த லாரி அண்ணனுக்கு

போன ஞாயிறு விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. தப்பு என்னுடையதுதான். இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் ஆரஞ்சு நிறத்தில் இருந்த காரில் கைக்குக் கிடைத்த பச்சையை ஊற்றியிருந்தேன். நிறம்தானே வேறு என்று நினைத்த புத்திசாலி நான்.

ரேடியேட்டர் மூடியில் கை வைத்ததுமே தட்டிவிட்டீர்கள் அண்ணே. "ஆறட்டும் தம்பி, மூஞ்சி வெந்துடும்." ஆறியபின் திறந்தால் உள்ளே இரண்டும் கலந்து பழுப்பாக, கூழ் மாதிரி கொழகொழவென்று இருந்தது. நான் கேட்கவேயில்லை, நீங்களே லாரியிலிருந்து தண்ணீர்க் குடங்களை இறக்கினீர்கள். நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, சூடேறினால் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்து, மறுபடியும். நான்காவது தடவைதான் தெளிவாக வந்தது. கடைசியாக பேட்டரிக்கு வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரையும் ஊற்றிவிட்டீர்கள்.

வடித்ததையெல்லாம் தரையில் விடாமல் வாளியில் பிடித்தீர்களே, அதுதான் மறக்கவில்லை. "இது தித்திக்கும். நாய் நக்கினா செத்துடும்."

டீக்காசுகூட வாங்கவில்லை. பெயர் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. அப்புறம், உங்கள் பத்தாம் நம்பர் ஸ்பேனர் என் டிக்கியில் கிடக்கிறது அண்ணே. இதைப் பார்த்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.