பெரிய வகுப்பும் சின்ன வகுப்பும் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாட அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை 2007-ல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது, வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே பாயில் வட்டமாக உட்கார்ந்து படித்தார்கள். பாட அட்டையில் திணறும் சிறுவனுக்குப் பக்கத்து அக்காதான் முதலில் சொல்லிக்கொடுப்பாள். அந்தப் பழக்கத்தை விட்டிருக்கவே கூடாது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து தோட்டம் போட்டிருக்கின்றன. கொத்தவரைச் செடியைச் சின்னவர்கள் ஸ்கேல் வைத்து அளந்து சொல்ல, பெரியவர்கள் வரைபடத் தாளில் குறிக்கிறார்கள். “ஏன் அண்ணா இது மட்டும் வளரலை?” என்று கேட்டுவிட்டால் அந்த அண்ணன் அறிவியல் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். பெரிய பிள்ளைகளின் படிப்பு கெடுமோ என்று பெற்றோர் பயப்படத் தேவையில்லை.

வாரம் ஒரு பாடவேளையைக் கல்வித்துறை இதற்கென ஒதுக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது அதைப் பிடுங்கிக்கொள்ளவும் கூடாது.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்