மதிலுக்கு வெளியே போகும் தண்ணீர்

அன்புத் தோழி மங்கைக்கு,

உன் கடிதம் கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் கைக்கு வந்தது. பருவமழையும் பருவத் தேர்வும் சேர்ந்து வந்துவிட்டதால், மார்கழி பிறந்த பிறகுதான் பதில் எழுத முடிகிறது. பேத்தி பிறந்த செய்தி பெருமகிழ்ச்சி தந்தது. குழந்தைக்கு உன் அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறீர்கள் என்று படித்தபோது, நாம் தாம்பரத்தில் படித்த காலத்தில் அவர் நமக்காகக் கட்டி அனுப்பிய எள்ளுருண்டைப் பொட்டலங்கள் நினைவுக்கு வந்தன. நான் நலமாக இருக்கிறேன். மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலிக்கிறது. வரும் மே மாதத்தோடு எனக்குப் பணி ஓய்வு.

உங்கள் கல்லூரியில் புதிதாக அமைத்த சுற்றுச்சூழல் குழுவுக்கு உன்னைத் தலைவராக்கியிருப்பதையும், தர மதிப்பீட்டுக் குழு வருவதற்குள் ஆயிரம் மரக்கன்றுகளை நட்டுவிட வேண்டும் என்று நிர்வாகம் விரும்புவதையும் எழுதி, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். குழி வெட்டும் வேலையைச் சில வாரம் தள்ளி வை. கல்லூரிக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பயன்படுத்திய தண்ணீர் எந்த வழியாக வெளியேறி எங்கே போய்ச் சேர்கிறது என்பதை முதலில் மாணவிகளோடு காலால் நடந்து பார்.

நான் இந்த வேலையைத் தலைகீழாகத் தொடங்கியவள் என்பதால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது உனக்கு நினைவிருக்கும். அந்த மாதமே நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை அழைத்துக்கொண்டு, கல்லூரிக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் தெருக்களுக்குத் துணிப்பைகளும் தெருநாடகமுமாகப் போனேன். நாடகம் முடிந்ததும், அங்கே நான்கு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் முதியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அம்மா, பையை நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். உங்கள் காலேஜ் தண்ணீரை நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, எங்கள் மதிலின் பின்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மழைநீர் வடிகால் என்று வரைபடத்தில் குறித்திருந்த கால்வாயில், தை மாதத்து வெயிலில், விடுதிச் சமையலறைகளின் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் சோப்பு நுரையும் கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வளாகத்தில் பாடம் நடத்தியிருந்தும் நான் அந்த இடத்தை அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கால்வாய் ஒரு காலத்தில் ஏரிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால்வாயாக இருந்தது என்று அவர் சொன்னார். எங்கள் பகுதி ஏரிகள் ஒன்றோடொன்று தொடுத்தவை என்பதை நீ அறிவாய். மேல் ஏரி நிரம்பினால், மிஞ்சிய நீர் கலங்கல் என்னும் வழிந்தோடும் மடை வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். இப்படிச் சென்னையின் தென்புறநகரில் உள்ள பல ஏரிகளில் மிஞ்சிய நீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. ஆகவே எங்கள் பாத்திரம் கழுவும் தொட்டியில் இருந்து போகும் எண்ணெய்ப் பிசுக்கு, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலத்தின் நாரைகளையும் பூநாரைகளையும் நோக்கித்தான் பயணம் செய்கிறது. வரைபடத்தில் இந்த வழியை விரலால் தொட்டுக் காட்டியபோது வகுப்பில் உண்டான அமைதி, என் பாடங்கள் எதற்கும் அதற்கு முன் கிடைக்காதது.

இந்தச் சங்கிலியைத் தூர்த்ததன் விலையை நாங்கள் இரண்டு வகையிலும் கொடுத்திருக்கிறோம். 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வழியடைபட்ட கால்வாய்கள் தெருக்களையே கால்வாய்களாக்கின. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டுபோக, ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் எங்கள் விடுதிகள் லாரித் தண்ணீரில் நடந்தன. ஏரிக்கரைத் தெருப் பெண்களோ இரவு இரண்டு மணிக்குக் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். ஏரியில் இருந்த கொஞ்சநஞ்ச நீரோ எங்கள் கழிவால் எதற்கும் உதவாமல் கிடந்தது. இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு செய்ததைச் சொல்கிறேன், உனக்குப் பயன்படலாம். சமையலறைக் கழிவுநீர் வெளியேறும் இடத்தில் எண்ணெய் பிரியும் தொட்டி ஒன்றைக் கட்டினோம். நீர் அதில் மெதுவாக நகரும்போது எண்ணெய் மேலே மிதந்து நின்றுவிடும், கசடு அடியில் படியும், இடைப்பட்ட நீர் மட்டும் அடுத்த தொட்டிக்குப் போகும். அங்கிருந்து அது சரளைக்கல் நிரப்பிய படுகையில் நாணலும் கல்வாழையும் வேர்விட்டிருக்கும் இடத்தை ஊடுருவிச் செல்கிறது. வேர்களையும் கற்களையும் பற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று செரிக்கின்றன. கடைசியில் வரும் நீர் குடிக்கத் தகுந்தது அன்று, ஆனால் தோட்டத்துக்குத் தாராளமாகப் போதும். அதனால் தோட்டத்துக்காக ஆழ்துளைக் கிணற்றில் இறைப்பது பெருமளவு குறைந்தது. இதற்கு ஒப்புதல் பெற இரண்டு ஆண்டுகள் அலைந்தேன். நுழைவாயிலில் பசுமை வளாகம் என்று பெரிய பலகை வைக்க ஒரு வாரத்தில் பணம் கிடைத்ததையும் சொல்ல வேண்டும்.

விடுதி உணவு மிச்சம் வேறொரு கதை. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனங்கள் மட்கும் கழிவைக் கூடியவரை தங்கள் இடத்திலேயே கையாள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னபோதும், எங்கள் சோற்று மிச்சமும் காய்கறித் தோலும் பல காலம் லாரியில்தான் போய்க்கொண்டிருந்தன. உரக்குழி தொடங்கிய முதல் மாதம் பெரும் தோல்வி. ரசமும் மோரும் கலந்த சோற்றைக் குவித்துவிட்டு, நாற்றமும் புழுவும் வந்ததும் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். சோற்று மிச்சத்தில் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அதிகம். குவியல் காற்றோட்டத்தோடு மட்க வேண்டுமானால் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 30க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். அந்தக் கரிமம் நிறைந்த காய்ந்த இலைகளை நாங்கள் தினமும் காலையில் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தோம்! சோற்றை நன்றாக வடித்து, ஒரு கூடைக்கு மூன்று கூடை சருகு போட்டு, வாரம் ஒரு முறை புரட்டத் தொடங்கியதும் நாற்றம் போயிற்று. இலை எரிக்கும் புகையும் நின்றது.

ஆனாலும் மிச்சத்தை உரமாக்குவதைவிட மிச்சமே வராமல் பார்ப்பது மேலானது என்பதை எனக்குப் புரியவைத்தவர் தலைமைச் சமையற்காரர். மாணவர்கள் வெள்ளிக்கிழமை மாலையே ஊருக்குப் போய்விடுகிறார்கள், எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாரும் தமக்குச் சொல்வதில்லை, குறைந்துவிட்டால் ஏச்சு விழும் என்பதால் எல்லாருக்கும் சேர்த்தே உலை வைக்கிறோம் என்றார். ஊருக்குப் போகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் வைத்தோம். தட்டில் முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி பரிமாறுவது என்று மாற்றினோம். தட்டு கழுவும் இடத்தில் ஒரு தராசு வைத்து, அன்றைய மிச்சத்தின் எடையைக் கரும்பலகையில் எழுதினோம். எந்தச் சொற்பொழிவும் இல்லாமலேயே அந்த எண் இறங்கத் தொடங்கியது. உன் குழுவில் பேராசிரியர்களை மட்டும் சேர்த்திருந்தால், தயவுசெய்து சமையற்காரரையும் குழாய்ப் பணியாளரையும் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொள். குப்பை பிரிக்கும் பெண்களையும் விட்டுவிடாதே. எங்கள் வளாகத்தில் அவர்கள் ஒப்பந்தக் கூலிகள். கையுறைக்கும் காலணிக்கும் ஆண்டுதோறும் நான் மன்றாட வேண்டியிருக்கிறது. அவர்கள் வெறுங்கையோடு கண்ணாடித் துண்டைப் பொறுக்கும் இடத்தைப் பசுமை வளாகம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மரங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். நாம் படித்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தையே நினைத்துப் பார். 1937இல் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்தின் 365 ஏக்கருக்கு வந்தபோது, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்த நிலத்தில் மரம் வளர்ப்பதில் காட்டிய அக்கறையின் நிழலில்தான் நாம் குறிப்பேட்டோடு திரிந்தோம். அங்கே நம்மைப் பெரிதும் கவர்ந்தது உயரமான மரங்களைவிட, களாவும் சூரையும் காசாவும் வெப்பாலையும் அடர்ந்த அந்தப் புதர்க்காடு. கீழைக்கடற்கரையின் காய்ந்த காட்டுக்கே உரிய அந்தப் புதர்களைப் பார்க்கிறவர்கள் வெட்டிச் சீர்திருத்த வேண்டிய முள் என்றே நினைக்கிறார்கள். எங்கள் வளாகத்திலும் அப்படி ஒரு துண்டு இருந்தது. அதை அழித்துப் புல்வெளி ஆக்கினார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது குல்மோகர்களும் தூங்குமூஞ்சிகளும் வேரோடு சாய்ந்தன; வேம்பும் பனையும் பெரும்பாலும் நின்றன. அன்றிலிருந்து நாங்கள் நாற்றுகளை விலைக்கு வாங்குவதில்லை. சுற்றுவட்டாரக் கோயில் நந்தவனங்களிலும் ஏரிக்கரைகளிலும் விதை பொறுக்கி வந்து மாணவர்களே வளர்க்கிறார்கள். இலுப்பை விதையைச் சில வாரங்களுக்கு மேல் வைத்திருந்தால் முளைக்காது என்பதைப் பொறுக்கிய கையோடு கற்றுக்கொண்டவர்கள் மறப்பதில்லை. உங்கள் ஆயிரம் கன்றுகளில் நூறு மட்டும் நடு. மூன்று கோடைக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிவை.

ஏரிக்கரைத் தெருக்களுக்கு நாங்கள் மறுபடி போனது, எங்கள் கழிவுநீர் நின்ற பிறகுதான். இம்முறை நாடகம் இல்லை; வேதியியல் துறை மாணவர்கள் சோதனைப் பெட்டியோடு வந்து, வீட்டுக் கிணறுகளிலும் கைப்பம்புகளிலும் நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கழிப்பறைக் குழிகளுக்கு அருகிலிருந்த சில கிணறுகளில் அது மீறியிருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது என்பதைக் கைக்குழந்தை உள்ள வீடுகளில் தனித்தனியாகச் சொன்னோம். முடிவுகளைத் தமிழில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு தெருக்காரர்களே மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் குழாய் நீர் கேட்டார்கள். அவர்களுக்கு அது கிடைத்ததில் எங்கள் பங்கு அந்தத் தாள் மட்டும்தான்.

உன் ஊருக்கு வருகிறேன். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இருந்து பிரியும் கால்வாய்கள்தான் உங்கள் வயல்களுக்கும் குளங்களுக்கும் உயிர். அவற்றில் பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாய் ஊர்களுக்கு நடுவே வரும்போது என்னவாகிறது என்று நீயே எழுதியிருந்தாய். உங்கள் கல்லூரி வடிகாலும் அதில்தான் சேர்கிறதா என்று முதலில் பார்த்துவிடு. பாபநாசத்தில் நீராடியவர்கள் ஆற்றில் விட்டுச்செல்லும் துணிகளைப் பற்றி மாணவிகள் நாடகம் போட விரும்புவதாகச் சொன்னாய். நல்ல எண்ணம்தான், ஆனால் சொந்த வடிகாலை அறிந்த பிறகு போடட்டும். அதுவரை அவர்களைப் பறவைக் கணக்கெடுப்புக்கு அனுப்பலாம். மணிமுத்தாறில் இயங்கும், ஏட்ரீ என்னும் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் மையம், 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களின் நீர்ப்பறவைகளைத் தன்னார்வலர்களோடு எண்ணி வருகிறது. ஒரு விடியற்காலை முழுதும் ஒரே குளக்கரையில் நின்று பார்க்கிற பெண்ணுக்கு, அந்தக் குளத்தில் விழும் சாக்கடையும் தானாகவே கண்ணில் படும்.

எங்களால் இன்னும் முடியாதவையும் உண்டு. விழாக்களில் மேடை விருந்தினர்களுக்கு நெகிழிப் புட்டித் தண்ணீர் வைப்பதை நிறுத்த முடியவில்லை. ஆளில்லாத அறைகளில் குளிர்சாதனம் ஓடுகிறது. ஏரியின் மறுகரையிலிருந்து வேறு யார் யாரோ விடும் கழிவு வந்துகொண்டே இருக்கிறது. செம்பாக்கம் ஏரியில் ஐஐடி மெட்ராஸ் போன்ற நிறுவனங்கள் சேர்ந்து செய்த சீரமைப்பைப் போல இங்கும் ஒன்று நடக்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறோம். நான் ஓய்வு பெற்ற பிறகு தராசையும் நோட்டுப் புத்தகத்தையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலையும் இருந்தது. இப்போது இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி முன்வந்திருக்கிறாள். அவள் அந்த மாடு வைத்திருக்கும் முதியவரின் பேத்தி.

சென்ற வாரம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. மாலையில் போய்ப் பார்த்தேன். ஆகாயத்தாமரை இன்னும் பாதி ஏரியை மூடியிருக்கிறது என்றாலும், எங்கள் கால்வாய் வந்து சேரும் முனையில் சிறுவர்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரக்கொன்றை, புங்கன் விதைகளைத் தனியே பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன். கொன்றையின் தோல் கெட்டியானது. ஒரு பக்கம் உரசி, ஓர் இரவு ஊறவைத்து ஊன்றச் சொல். பேத்திக்கு என் முத்தங்கள். பொங்கல் கழிந்ததும் வடிகாலோடு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று எழுது.

என்றும் உன்,
தாமரை