அம்மாவிடம் மறைத்ததை உன் மகனிடம் மறைக்க மாட்டேன்

தம்பிக்கு,

உன் பெரியவன் எல்லையில் ரோடு போடுகிற கிரெஃப் படைக்கு விண்ணப்பத்தை நிரப்பிவிட்டான். விடியும் முன்பே எழுந்து ஏரிக்கரையில் ஓடுகிறான். பூனா சென்டரில் ஓடவிடுவார்கள், சுமை தூக்கவிடுவார்கள் என்று போனில் பார்த்துப் பார்த்துப் பழகுகிறான். "அப்பா செய்யற வேலைதான் அத்தை, எனக்கென்ன பயம்" என்கிறான். உன் இடது கை விரல் இரண்டும் ஜேசிபி கதவில் மாட்டிக்கொண்டவை என்றே இன்னும் நம்புகிறான்.

அவன் ரயில் ஏறும் முன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இதை ஏன் ஊர் பார்க்க எழுதுகிறாய் என்று கோபப்படுவாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. லீவில் வந்தால் வீடு நிறைய ஆள். நம் கணியம்பாடி பக்கத்தில் மிலிட்டரிக்கோ கிரெஃபுக்கோ பிள்ளையை அனுப்பாத தெரு ஏது? கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒரு ஆள் என்பார்கள். அந்த வீடுகளிலும் என்னைப் போல ஒரு அக்காவோ, உன் பெண்டாட்டியைப் போல வாயை மூடிக்கொண்ட ஒருத்தியோ இருப்பாள். அவர்களும் படிக்கட்டும். உன் முகாம் எது, அதிகாரி யார், எந்தப் பாதையில் எத்தனை பேர் என்பதெல்லாம் இதில் வராது. உன் வேலைக்குக் கெடுதல் வருகிற மாதிரி ஒரு வரியும் எழுத மாட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் நான் ஏன் மணாலிக்கு மேலே பல்சானில் உன் வாடகை வீட்டில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். நீ கேள்வி கேட்காமல் ஒரு அறையைக் காலி செய்து கொடுத்தாய். எனக்கென்று பஞ்சு வைத்த ஒரு ரஜாய்ப் போர்வையும் கம்பளிக் காலுறையும் வாங்கி வைத்திருந்தாய். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் அப்படிச் செய்துவிட மாட்டார்கள். அதை நான் மறந்ததில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லையோ என்னவோ.

அன்று காலை பனி நின்றிருந்தது. நாள் கணக்கில் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் நீலமாகத் திறந்துகொண்டது. வெயில் வந்ததும் எனக்கு உயிர் வந்தது. கத்திரியில் நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று டிகிரியில் வேகிற ஊர்க்காரி நான், வெயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது அன்று ஒரு நாள்தான். வீட்டுக்காரப் பாட்டி மட்டும் வாசலில் நின்று கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தகரக் கூரை. மேலே ஆள் இடுப்பு உயரத்துக்குப் பனி. அதன்மேல் வெயில், அடியில் ராத்திரி முழுக்க எரிந்த, அறையைச் சூடாக்கும் தந்தூர் அடுப்பின் சூடு. தகரத்தை ஒட்டிய பனி உருகிக் கசிந்தால் மேலே இருப்பது மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பாட்டிக்கு அது தெரியும். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை.

அப்போதுதான் அறைக்குள் புகை திரும்பியது. தந்தூரின் புகைக்குழாய் பின்சுவர் வழியாக வெளியே போகும், அதன் வாயைப் பனி மூடிவிட்டது. நீ என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, பனி அள்ளும் பேல்சா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாய். வேறு என்ன செய்திருப்பாய்? நெருப்பு உள்ளே இருந்தது, அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு வாயு மணமே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். நீ போனது சரிதான். அதில் உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஜல்லி லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டியது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். பின்பக்க ஜன்னல் வெள்ளையாகிவிட்டது.

நான் உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினேன். பாட்டி என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அந்த நேரத்தில் அவரை அடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது. அவர் முதலில் மேலே பார்த்தார். கூரையில் மிச்சம் இருந்தது ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் போகாமல் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வரச் சொல்லிக் கை காட்டினார். பித்தளைப் பானையை எடுத்துத் தட்டத் தட்ட மேல்வீட்டு ஆட்கள் இறங்கி வந்தார்கள். குவியலின் மேல் யாரையும் ஏறவிடவில்லை. கீழே ஆள் இருக்கிறான், மிதித்தால் அவனுக்கு இருக்கிற கொஞ்ச மூச்சும் போய்விடும் என்று அவர் சைகையிலேயே புரிய வைத்தார். அவர்கள் மரப் பலகைக் கரண்டியால் சரிவின் கீழ்ப்பக்கமிருந்து வெட்டினார்கள். என் கையில் இருந்தது சோற்றுத் தட்டு. பனி என்றால் பஞ்சு மாதிரி இருக்கும் என்றுதானே நாம் நினைத்திருக்கிறோம். சரிந்து வந்து நின்ற நொடியே அது இறுகிவிடுகிறது. விரல் நுழையவில்லை. தட்டின் விளிம்பு மடங்கிப்போனது. அப்படி இறுகின பனி ஒரு கன மீட்டர் முந்நூறு கிலோவுக்கு மேல்கூட வரும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். உன்மேல் எத்தனை கன மீட்டர் கிடந்தது என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

முதலில் கிடைத்தது பேல்சாவின் கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் உன் கையைத் தொட்டோம். நீ சுவரைப் பார்த்து நின்றபடியே இருந்தாய். இரண்டு கையும் முகத்துக்கு முன்னால். சுவருக்கும் உன் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. அதில்தான் மூச்சு விட்டிருக்கிறாய். பனிக்குள் புதைந்தவர்களைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் மிஞ்சுவதே கஷ்டம். அன்று எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. உதடு நீலமாக இருந்தது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தாய். இடது கை உறை எங்கேயோ போய்விட்டிருந்தது.

விரல்கள் மெழுகு நிறத்தில் வெளுத்திருந்தன. நான் தேய்த்துவிடப் போனேன், பாட்டி தடுத்தார். கொதிக்கிற தண்ணீரை எடுத்தேன், அதையும் தடுத்து வெதுவெதுப்பாகக் கலந்து கொடுத்தார். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் தெரியாது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட எடுக்கிற பதம் போதும். அந்தத் தண்ணீரில் உன் கை கிடந்தபோதுதான், உணர்ச்சி திரும்பி வலி ஏறி நீ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாய். "அம்மாகிட்ட சொல்லாதக்கா. நைனா போனதுல இருந்தே அவங்களுக்குத் தூக்கம் இல்ல." கற்பூரம் இல்லை. தந்தூர் நெருப்புக்கு மேல் கையை நீட்டிச் சத்தியம் செய்யச் சொன்னாய். செய்தேன்.

இப்போது மீறுகிறேன். மன்னித்துக்கொள். அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம், அம்மா இருந்த வரைக்கும் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீ கேட்டது அது மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஜேசிபி கதவு என்ற பொய்யை நீ அங்கிருந்து ஒரு தடவை போனில் சொன்னாய். தினம் தினம் அதைச் சொன்னது யார்? உனக்கு உன் முகாம் இருந்தது, வேலை இருந்தது. அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவள் நான். லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் உன் இடது கையை மடியில் வைத்து அந்த இரண்டு விரலை அமுக்கி அமுக்கிப் பார்ப்பாள். நீ கிளம்பியதும் என்னைக் கேட்பாள், "கதவு இடிச்சா நகம்தானடி போவும், உணர்ச்சி எப்டிப் போவும்?" அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு பதில் தயார் செய்தவள் நான்.

2016 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? சியாச்சினில் 19,600 அடியில் சோனம் சாவடி மேல் பனி சரிந்து மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆட்கள் பத்துப் பேர் புதைந்தார்கள். ஒருவரை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்து, அவரும் டெல்லி ஆஸ்பத்திரியில் 11-ஆம் தேதி போய்விட்டார். நம் வேலூர் மாவட்டத்து ஹவில்தாரும் அந்தப் பத்தில் ஒருவர். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து யார் பெற்ற பிள்ளைக்கோ அழுதாள். அழுதுவிட்டு, "நம்ம புள்ள ரோடு போடற வேலைதான, அதுல என்னா ஆவப் போவுது" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த நம்பிக்கையை எடுத்துவிடக் கூடாது என்று நீ நினைத்தாய். சரி. அவள் வயதுக்கு அது சரி. 2020 அக்டோபர் 3-ஆம் தேதி மணாலிக்கு மேலே ரோதாங் சுரங்கத்தைத் திறந்தபோது தெருவில் இருந்தவர்களை எல்லாம் வீட்டுக்குள் கூப்பிட்டு டிவியைக் காட்டினாள். ஒன்பது கிலோமீட்டர் மலையைக் குடைந்திருக்கிறார்கள், அதில் என் பிள்ளையும் இருக்கிறான் என்று. நீ சுரங்கத்தில் வேலை செய்யவில்லை, அதற்குப் போகிற ரோட்டில் பனி தள்ளினாய் என்று நான் திருத்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அவள் போன அன்று உன் பக்கத்து ரோடு மூடிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் ரோடு திறக்கிறவனுக்கு அவன் அம்மாவிடம் வர ரோடு இல்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நீ காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தாய், வந்ததும் சாமியானாவுக்கு யார் பணம் கொடுத்தது என்று கேட்டாய். உன்மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். எனக்கு ஆறவில்லை.

நீ திரும்பிப் போன சில வாரத்தில், 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி, பத்ரிநாத்துக்கு மேலே மாணாவில் எல்லைச் சாலை அமைப்பான பி.ஆர்.ஓ.வின் முகாம் மேல் பனி சரிந்தது. ரோட்டில் பனி அள்ளப் போன கூலிக்காரர்கள் ஐம்பத்து நான்கு பேர். எட்டுப் பேர் இறந்தார்கள். மற்றவர்கள் பிழைத்ததற்கு அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கண்டெய்னர்தான் பெரிய காரணம் என்றார்கள். பதறிப்போய் உனக்குப் போன் செய்தேன். "அது உத்தராகண்ட்க்கா, நான் ஹிமாச்சல்" என்றாய். இந்தப் பதிலைத்தான் உன் மகனும் இப்போது என்னிடம் சொல்கிறான், மாநிலத்தை மட்டும் மாற்றி.

அவன் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள். இங்கே ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் கம்பெனிக்குப் போகச் சொல்வாயா என்று உன் பெண்டாட்டி கேட்டாள். நியாயமான கேள்வி. அரசாங்கச் சம்பளம், பென்ஷன், நம் வீட்டு மாடி எழும்பியது எதில் என்று எனக்குத் தெரியாதா? போகட்டும். ஆனால் தெரிந்துகொண்டு போகட்டும்.

அவனுக்குப் பனி என்றால் ரீல்ஸில் பார்க்கிற பனிதான். பனி கொட்டும்போது உள்ளே இருப்பவன், நின்றதும் வெளியே வருகிறான், அப்போதுதான் ஆபத்து அதிகம் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? பெரிய பொழிவுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் மலைச்சரிவில் புதுப் பனி ஒட்டாமல் கிடக்கும். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை சாய்ந்த சரிவுகள்தான் அதிகம் உதிர்கின்றன. அதற்கும் செங்குத்தாக இருந்தால் பனி தங்காது. இவன் கண்ணுக்கு அந்த நடுத்தரச் சரிவு சாதுவாகத்தான் தெரியும். வண்டி பனியில் சிக்கினால் குளிருக்கு என்ஜினை ஓடவிட்டு உட்காருவான். சைலன்ஸர் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும் என்று தெரியுமா? அங்கீட்டி என்கிற கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கக் கூடாது என்று தெரியுமா? கூரை விளிம்புக்கு அடியில் நிற்பதற்கு முன் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று? வெயிலில் பனி மேல் கண்ணாடி இல்லாமல் நடந்தால் ராத்திரி கண்ணில் மணல் போட்ட மாதிரி எரியும் என்று? உனக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது. இருபது வருஷத்தில் வீட்டுக்கு நீ கொண்டு வந்தது ஆப்பிள் பெட்டியும் குல்லு சால்வையும். இதில் ஒன்றையும் கொண்டு வரவில்லை.

அவனுக்கு உன்மேல் இருக்கிற மரியாதை குறைந்துவிடும் என்று பயப்படுகிறாயா? அந்த மாலையே, கை கட்டோடு, நீ மறுபடி பின்பக்கம் போய்ப் புகைக்குழாயைச் சுத்தம் செய்தாய், எனக்குக் குளிரும் என்று. அதையும் சேர்த்துத்தான் சொல்வேன். பாட்டியையும் சொல்வேன். அவர் இருக்கிறாரா என்று கூட நீ எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அம்மா திவசம். உனக்கு லீவு இல்லை, தெரியும், அதைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. படையலுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் சொல்லி வைத்திருக்கிறேன். திவசத்தன்று பெரியவன் வீட்டில்தான் இருப்பான். மத்தியானம் படையல் முடிந்ததும் அவனை நீயே கூப்பிட்டுப் பேசு. நீ பேசும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், நீ எதை எப்படிச் சொன்னாய் என்று அவனைத் துருவவும் மாட்டேன். சாயங்காலம் ஆறு மணி வரை பார்ப்பேன். போன் வரவில்லை என்றால் நான் சொல்லிவிடுவேன்.

உன் அக்கா