ஃப்ரிட்ஜும் குரல் பதிவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தெரிந்தவர் மூலமாகப் பழைய வாஷிங் மெஷின் வாங்கி ஏமாந்த ஒரு வாசகிக்கு, உங்கள் கேள்வி பதில் பகுதியில் 'நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போங்கள்' என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. போன வருஷம் இதே நம்பிக்கையில் நானும் சில வாரம் அலைந்தேன்.

நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து வருகிறேன். மாவு வைப்பதற்கென்றே இன்னொரு ஃப்ரிட்ஜ் தேவைப்பட்டது. மே மாதம், மதுரைக்கு மாற்றலாகிப் போகிற ஒரு குடும்பம் டபுள் டோர் ஃப்ரிட்ஜ் 8,500 ரூபாய் என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருந்தது. 'ரிப்பேர் ஏதாவது பார்த்திருக்கீங்களா சார்?' என்று குரல் பதிவில் கேட்டேன். 'ஏழு வருஷத்துல ஒரு ரிப்பேரும் வந்ததில்லைம்மா, தைரியமா எடுத்துக்கோங்க' என்று அவரும் குரல் பதிவிலேயே பதில் சொன்னார். மறுநாள் நேரில் போய்ப் பார்த்தேன். ஃப்ரீசரில் கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டு, குட்டியானைக்கு 900 ரூபாய் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. மூன்று தூக்கு மாவும் பொங்கி, தட்டுத் தட்டாக வழிந்து, கதவு ரப்பரின் மடிப்புக்குள்ளெல்லாம் போய் ஒட்டியிருந்தது. எங்கள் தெரு மெக்கானிக் தம்பி வந்து ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கம் கம்ப்ரசர் இருக்கிற இடத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். எல்லாக் குழாயிலும் தூசி கறுப்பாகப் படிந்திருந்தது. ஒரு சின்னச் செம்புக் குழாயில் மட்டும் பற்றவைத்த இடம் புதுசாகப் பளபளவென்று மின்னியது. அதன் நுனியில் ஒரு வால்வு. 'இது கம்பெனி வைச்சது இல்லக்கா. யாரோ சமீபத்துல காஸ் ஏத்தியிருக்காங்க. லீக்கை அடைக்காம ஏத்தினா கொஞ்ச நாள்தான் தாங்கும்' என்றார். ஓட்டை இருந்தது உள்சுவருக்குள் ஓடுகிற காயிலில், அதாவது குழாய்ச் சுருளில். அதைச் சரிசெய்கிற காசுக்கு வேறொரு பழைய ஃப்ரிட்ஜே வாங்கிவிடலாம் என்றும் சொன்னார்.

விற்றவருக்குப் போன் போட்டேன். 'நீங்க பார்த்துத்தானேம்மா எடுத்தீங்க, பழைய பொருளுக்கு எங்கேயாவது கேரண்டி உண்டா?' என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு மனு எழுதிக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, 'விற்றவர் கடை வைத்திருக்கிறாரா?' என்பதுதான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரிகளையும் சேவை தருகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது. வீட்டுச் சாமானை ஒரு தடவை விற்றுவிட்டுப் போகிற குடும்பத்தை அதற்குள் கொண்டுவருவது கஷ்டம் என்றார். பொருள் பழசாக இருப்பது அங்கே தடையே இல்லை. அதே ஃப்ரிட்ஜைப் பழைய சாமான் விற்கும் கடையில் பில்லோடு வாங்கியிருந்தால் தாராளமாகப் புகார் கொடுத்திருக்கலாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். வாயால் சொல்லாவிட்டாலும் சரக்கு விற்கிற தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பை அதன் 16ஆம் பிரிவு, அந்த மாதிரிச் சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் மீதுதான் வைக்கிறது. பொருளை விற்க உரிமை இருக்க வேண்டும், சொன்ன விவரத்தோடு பொருள் ஒத்துப்போக வேண்டும் என்ற இரண்டும் எல்லா விற்பனைக்கும் பொருந்தும்.

அப்படியானால் என் பணம் போனது போனதுதானா என்று கேட்டேன். அவர் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து, மோசடி பற்றிய 17ஆம் பிரிவில் உதாரணமாக வருகிற ஒரு குதிரையைக் காட்டினார். ஒருவர் ஏலத்தில் ஒரு குதிரையை விற்கிறார். அதற்குக் குறை இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்கவில்லை. சட்டப்படி அது மோசடி ஆகாது. அதே குதிரையை வாங்க வந்தவர், 'நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்' என்று சொல்லி, அப்போதும் விற்பவர் பேசாமல் இருந்தால் அந்த மௌனமே பேச்சுக்குச் சமம். எனக்கு அந்த இடத்தில் கண் திறந்த மாதிரி இருந்தது. நான் கேள்வி கேட்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் விற்றவர் மௌனமாகக்கூட இருக்கவில்லை, பதிலே சொல்லியிருந்தார். பொய்யை நம்பி ஒத்துக்கொண்ட ஒப்பந்தத்தை ரத்துசெய்ய 19ஆம் பிரிவு வழிவிடுகிறது. பொருளைத் திருப்பிக் கொடுத்து, பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். போனில் இடம் இல்லை என்று அதற்கு முந்தைய வாரம்தான் பழைய பதிவுகளை உட்கார்ந்து அழித்திருந்தேன். இந்தப் பதிவு எப்படியோ தப்பியிருந்தது.

8,500 ரூபாய்க்காக சிவில் வழக்கா என்று நான் தயங்கியதைப் பார்த்து, நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி காட்டியதும் அவர்தான். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது அது. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விவரம் கேட்கலாம். இத்தனை வருஷமாக அந்த வளாகத்தின் வழியாகத்தான் பஸ்ஸில் போய் வருகிறேன். இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

விற்றவருக்கு நோட்டீஸ் போனது. முதல் தேதிக்கு அவர் வரவில்லை, இரண்டாவது தேதிக்கு வந்தார். அந்த ஆணைக்குழு நடத்துகிற, சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) அந்தக் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, 'காஸ் ஏத்தினது சர்வீஸ்னு நினைச்சேன் சார், ரிப்பேர்னு நினைக்கலை' என்றார். அங்கே விசாரித்தவர்கள் எங்கள் இருவரிடமும் பொறுமையாகப் பேசினார்கள். ஃப்ரிட்ஜை அவர் எடுத்துக்கொண்டு 7,000 ரூபாய் தருவது, வண்டி வாடகை என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அதை வைத்து மக்கள் நீதிமன்றம் போடுகிற உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. பணம் முழுவதும் வரவில்லைதான். மாவு வீணானதை யார் கணக்கில் எழுதுவது? ஆனாலும் அவர் சொன்னது பொய் என்று நாலு பேர் முன்னால் ஆனதில் எனக்கு ஒரு நிம்மதி கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுச் சாமான் என்று சொல்லிக்கொண்டு விற்பவர்களில் சிலர் உண்மையில் வியாபாரிகள். அதே போன் நம்பரில் மாதத்துக்கு நாலு ஃப்ரிட்ஜ் விளம்பரம் வந்தால் அவரைக் குடும்பஸ்தர் என்று சும்மா விட்டுவிட முடியாது. அந்த விளம்பரங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால், நீங்கள் சொன்ன நுகர்வோர் நீதிமன்றத்துக்கே போகலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

நேரில் பேசும்போது எவ்வளவு கேட்டாலும் அது காற்றோடு போய்விடுகிறது. 'ரிப்பேர் பார்த்ததுண்டா, காஸ் ஏற்றியதுண்டா, ஏன் விற்கிறீர்கள்' என்று பணம் அனுப்புவதற்கு முன்பே எழுத்திலோ குரல் பதிவிலோ கேட்டுப் பதில் வாங்குவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒரு மெக்கானிக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். அந்தப் பளபளப்பான குழாயை அன்றைக்கே பார்த்திருப்பார்.

அந்த வாசகிக்குச் சொன்ன பதிலைத் தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள். மே, ஜூன் வந்தால் மாற்றலாகிப் போகிறவர்கள் தெருவுக்குத் தெரு சாமான் விற்பார்கள், வாங்குகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போல எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள். மெஷின் விற்றவரோடு பேசியது ஏதாவது தன் போனில் இன்னும் இருக்கிறதா என்று அந்த வாசகியை முதலில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம், திருச்சி.