மார்பு அறுவை வார்டுக்கும் எங்கள் தெருவுக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா இந்த வாரம் துணையில்லாமல் போடி பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய், டீ குடித்து, பேப்பரும் வாங்கி வந்தார். மார்புக் காயம் மூடிவிட்டது. "இன்னும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லலையேடி" என்று அம்மா பிடுங்குவதால் எழுதுகிறேன்.

புற்றுநோய்க்காக அப்பாவின் வலது நுரையீரலை முழுதாக எடுத்தது தெருவுக்கே தெரியும். "ஆபரேஷன் நல்லாத்தானே முடிஞ்சது, திரும்ப ஏன் மதுரைக்குப் போனீங்க?" என்று இன்னமும் கேட்கிறார்கள். நுரையீரலை எடுக்கும்போது அதற்குப் போகும் மூச்சுக்குழாயை வெட்டி, முனையைத் தைத்து மூடுவார்கள். அப்பாவுக்கு அந்த முனை ஆறாமல் விட்டுப்போனது. வலது பக்கத்து முனைக்கு ரத்த ஓட்டமும் குறைவு, சுற்றிப் போர்த்த சதையும் குறைவு என்றார் டாக்டர். போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு. வார்டில் இதற்குப் பெயர் பி.பி.எஃப். (பிராங்கோ-ப்ளூரல் ஃபிஸ்துலா); எங்களுக்கு வெறும் 'லீக்'.

முதல் நன்றி வார்டு சிஸ்டருக்கு. டிஸ்சார்ஜ் அன்று, "இருமினா தண்ணி மாதிரி வந்துச்சுன்னா எந்நேரமானாலும் போன் பண்ணு" என்று நம்பர் எழுதிக் கொடுத்தவர். வீட்டுக்கு வந்தபின் இருமல் நிற்கவில்லை. இங்கே ஓரிடத்தில் சளி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்ததுதான் தாமதம், துரு நிறத்தில் தண்ணீர் கொப்பளித்து வந்தது. போனில் சிஸ்டர் பதறவில்லை. "மொதல்ல ஆபரேஷன் பண்ண பக்கம் கீழ இருக்கற மாதிரி சாய்ச்சு, தலையை ஒசத்தி வை. அந்தத் தண்ணி இருக்கற ஒத்த நுரையீரலுக்குள்ள இறங்கிறக் கூடாது. அப்புறமா 108-க்குப் போடு" என்றார். இந்த வரிசையில் சொன்னதால்தான் அப்பா இருக்கிறார் என்பது என் எண்ணம். 108-ல் வந்த தம்பி, ஆண்டிபட்டி கணவாய் வளைவுகளில்கூட அவர் புரண்டுவிடாதபடி தோளைப் பிடித்தபடியே மதுரை வரை வந்தார்.

எக்ஸ்ரே அறைத் தம்பியை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். நுரையீரல் இருந்த இடத்தில் நாளாக ஆக நீர் நிரம்பும், படத்தில் அந்த மட்டம் ஏறிக்கொண்டே வரவேண்டும். பழைய படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து, மட்டம் இறங்கியிருக்கிறதே என்று டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டவர் அவர்தான். மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில் ஓட்டை தெரிந்தது.

உள்ளே சீழ் பிடித்திருந்ததால் உடனே தைத்து மூட வழியில்லை. விலா எலும்பைக் கொஞ்சம் எடுத்து, சீழ் வெளியேற மார்பில் சன்னல் மாதிரி ஒரு வாய் திறந்து வைத்தார்கள். போடி அரசு மருத்துவமனை டிரெஸ்ஸிங் சிஸ்டரை அப்போதிருந்துதான் தெரியும். மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியை ஒவ்வொன்றாக உள்ளே வைப்பார். வைத்ததை எண்ணுவார், மறுநாள் எடுத்ததையும் வாய்விட்டு எண்ணுவார். அப்பா பேசினால் காற்று சன்னல் வழியே உஸ்ஸென்று போய்விடும், குரல் எழும்பாது. பேச்சுதான் அவருக்குச் சாப்பாடே. கட்டின் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு பேசக் கற்றுக்கொடுத்தது அந்த சிஸ்டர்தான். அன்றே அவரிடம் ஏலக்காய் விலையைப் பற்றி விரிவுரை நடத்திவிட்டார் மனிதர்!

காயம் சுத்தமானதும், முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து முனையின் மேல் போர்த்தித் தைத்தார் டாக்டர். அதற்கு முந்தைய நாள் அப்பா தளர்ந்திருந்தபோது டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். 1933-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் வந்த இன்னொரு மருத்துவரின் இடது நுரையீரலை முழுதாக எடுத்தாராம். அந்த நோயாளி அதன்பின் சுமார் 30 ஆண்டு வாழ்ந்தாராம். "எனக்குப் பத்து போதும் டாக்டர், பேரன் கல்யாணம் வரைக்கும்" என்றார் அப்பா. பேரனுக்கு இப்போது வயது ஆறு. கணக்கு இடிக்கிறதே என்று டாக்டரும் சிரித்தார்.

ரத்தம் கொடுத்த கல்லூரித் தம்பிகளுக்கும், இரண்டாம் முறையும் முகம் சுளிக்காமல் பேப்பர் பார்த்துக் கொடுத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுண்ட்டர் அக்காவுக்கும், மூச்சை இழுத்துப் பந்துகளை எழுப்பும் பயிற்சியை விடாமல் செய்யவைத்த பிசியோதெரபி தம்பிக்கும் நன்றி.

அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை. புண்ணுக்கு முட்டை ஆகாது, மீன் ஆகாது என்று பார்க்க வந்த சொந்தமெல்லாம் பத்தியம் சொன்னது. சதை வளரப் புரதம் வேண்டும், சர்க்கரை ஏறக்கூடாது, இரண்டுதான் முக்கியம் என்று வார்டில் சொல்லியிருந்தார்கள். அத்தை யாரிடமும் வாதாடவில்லை. காலையில் அவித்த முட்டை, மத்தியானம் மீன் குழம்பு என்று தூக்குவாளியில் வந்துகொண்டே இருந்தது.

அத்தை, வாளி மூன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஒன்றுக்கு மூடியைக் காணோம், அம்மா தேடிக்கொண்டிருக்கிறாள்.

நன்றியுடன்,
மூத்த மகள், போடி